விரும்பிக் கேட்பவர்

கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சண்முகவேல் நிமிர்ந்து பார்த்தார். மனது நிறைந்தது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அவருடைய மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் தகரக் கொட்டகை அது. சுவரோரம் விரித்த வெள்ளை வேட்டியின் மேல் கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், பேஸ் கிதார், மைக், ஆம்ப்ளிபையர், வயர்ச் சுருள்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. நடுவில் அவருடைய கிதார். அதற்கு மட்டும் மூன்று பொட்டு. அறுபத்திரண்டு வயதில் யார் கேட்கப் போகிறார்கள் என்று அவரே கூடுதலாக வைத்த பொட்டுகள்.

ஆயுத பூசை நாள். ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்று முந்நூற்று அறுபது நாளும் அலறுகிற திருப்பூரில் இன்றைக்கு ஓர் ஊசி அசையாது. தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். பொட்டு வைத்ததை நாளைக் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள்.

அவர் ஒரு கை பொரிகடலையை வாயில் போட்டபோது போன் அடித்தது. மகள் கிருத்திகா. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். போனை எடுப்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுகிற பெண்.

“அப்பா! வர்றாங்கப்பா! இன்னைக்கே வர்றாங்க!”

“ஆரு கண்ணு வர்றது? மூச்சு உட்டுட்டுச் சொல்லு.”

“சென்னை மியூசிக் பெஸ்டிவல்ல இருந்துங்கப்பா. உங்க சொந்தப் பாட்டு வீடியோ அனுப்புனனில்ல? ஒருத்தரு வர முடியாதுன்னுட்டாராம். ஒரு மணி நேரம் காலியா இருக்குதாம். வினிதான்னு ஒரு மேடம், அவங்கதான் ஆள் எடுக்கறது. கோயமுத்தூர்ல இருந்து காருல சென்னை போறாங்க. பதினொரு மணிக்கு நேர்ல வந்து கேக்கறேன்னுட்டாங்க. சாயங்காலம் லிஸ்ட்டு பிரிண்டுக்குப் போயிருமாம். சினிமாப் பாட்டு ஒண்ணும் வேண்டாமாம்ப்பா. உங்க சொந்தப் பாட்டு மட்டும்!”

சண்முகவேலுக்குக் கடலை தொண்டையில் நின்றது. “நீ என்ன சொன்னே?”

“இன்னைக்கு லீவு, அப்பா சும்மாத்தான் இருப்பாரு, தாராளமா வாங்கன்னு சொல்லிட்டேன்!”

சொன்ன வேகத்திலேயே அவளுக்கு ஏதோ உறைத்தது. பிறகு கிருத்திகாவின் குரல் நூலாக இறங்கியது. “அப்பா... பூசை ஆயிருச்சுங்களா?”

“இப்பத்தான் கண்ணு கற்பூரங் காட்டுனேன்.”

திருப்பூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. லீவு என்றால் ஆள் சும்மா இருப்பான் என்பது வரைக்கும்தான் இந்த ஊர் மூளைக்கு எட்டும். எதற்காக லீவு என்பது மறந்துபோகும். பாவம், கிருத்திகாவைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து நாள் ராத்திரி பகலாகக் கம்பெனியில் கிடந்த பெண்.

இந்த ஒரு மணி நேரம் சண்முகவேலுக்கு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டுமானால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். செங்குந்தர் வீட்டுப் பையன். தறிக்குப் போகாமல் பனியன் கம்பெனி மெஷினுக்குப் போனவன். அங்கே புது நிட்டிங் மெஷின் மாட்ட வந்த ஒரு வெளிநாட்டு பிட்டர் ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை மறந்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஆள், ஒரே கிதார். ஒரு வரி பாடுவார். அதே வரியை இன்னொரு தடவை பாடுவார். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார். சொல் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சண்முகவேலுக்கு அழுகையும் வந்தது, கூடவே எழுந்து ஆடவும் தோன்றியது. அதற்குப் பெயர் ப்ளூஸ் என்பதும், அமெரிக்கப் பருத்திக் காடுகளில் வேலை செய்த கறுப்பு மக்கள் பாடிய பாட்டு என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அங்கே பருத்தி எடுத்தவர்களின் பாட்டு, பருத்தியைப் பனியன் ஆக்குகிற ஊரில் வந்து இவரைப் பிடித்துக்கொண்டது.

கிதார் வாங்கும்வரை பொறுமை இல்லை. பலகையில் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, சோடா பாட்டிலை அதன் மேல் உருட்டி உருட்டி ஆறு மாதம் அந்தக் கேசட்டோடு மல்லுக்கு நின்றார். பிறகு கிதார் வந்தது. அதன்பிறகு குழு வந்தது. வேலவன் இன்னிசைக் குழு.

குழு வைத்தவன் பாடு என்ன என்பது குழு வைத்தவனுக்குத்தான் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவான நோன்பிக்குச் சாமிப் பாட்டு, கல்யாணத்துக்குக் காதல் பாட்டு, சர்ச்சில் கிறிஸ்துமஸ் கீதம், கட்சிக் கூட்டத்தில் கொள்கைப் பாட்டு, இப்போது பத்து வருடமாக வடக்கத்திப் பையன்களுக்கு இந்தியும் போஜ்புரியும். எதைக் கேட்டாலும் வாசிப்பார், அதுவும் அசலாக வாசிப்பார். மேடையில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் கீழேயிருந்து துண்டுச்சீட்டு வரத் தொடங்கும். மேலே பாட்டின் பெயர். அடியில் ‘விரும்பிக் கேட்பவர்’ என்று போட்டு, ஒரு பெயர், ஓர் ஊர். பெருமாநல்லூர், அவிநாசி, ஊத்துக்குளி என்று எத்தனை ஆயிரம் சீட்டுகள் அந்தக் கையில் வந்து விழுந்திருக்கும்! அவருடைய சொந்தப் பாட்டைக் கேட்டு ஒரு சீட்டும் வந்ததில்லை. எப்படி வரும்? அப்படி ஒன்று இருப்பதே மேடைக்குக் கீழே யாருக்கும் தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைக்கிற கால் நிமிடத்தில் ஆசை தாங்காமல் கொஞ்சம் ப்ளூஸ் வாசிப்பார். கூட்டம், அவர் சுருதி சேர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு முழுசாக ஒரு மணி நேரம். சீட்டு இல்லாத ஒரு மணி நேரம். அது பதினொரு மணிக்குக் காரில் வருகிறது. கிதாரோ மூன்று பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

குழுவில் இருவர் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் பேஸ் கிதார் செல்வக்குமார், முப்பது வருடக் கூட்டாளி. இன்னொருவர் டிரம்ஸ் அழகுமலை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டிங் மாஸ்டராக வந்தவர், வார நாட்களில் துணியை வெட்டுவார், சனி ஞாயிறில் டிரம்ஸை வெளுப்பார். விஷயத்தைக் கேட்டதும் அழகுமலை துள்ளிவிட்டார்.

“எடுங்கண்ணே கிதாரை! சரசுவதி கோவிச்சுக்கிருமாக்கும்? பொட்டைத் துடைச்சுட்டு வாசிச்சுட்டு, திரும்பப் பொட்டு வச்சுருவோம்ல!”

சண்முகவேலின் கை கிதார்ப் பக்கம் போகத்தான் போனது. பொய் சொல்லக் கூடாது, இரண்டு அடி நடந்தும்விட்டார். அங்கேயே நின்றார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் இதே ஆயுத பூசை நாளில் ஒரு கம்பெனி விழா மேடையில் மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தாதீங்க என்று கீழேயிருந்து கத்தினார்கள். இவரும் நிறுத்தவில்லை. நனைந்த வயரில் ஷாக் அடித்துச் செல்வக்குமார் மேடையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் கண் திறந்த கணவனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் சண்முகவேல் சத்தியம் செய்தார். சிவன்மலை ஆண்டவர் சாட்சியாக இந்த நாளில் இனி என் கை கிதாரைத் தொடாது, நம்ம குழு வாத்தியம் ஒன்றும் வேட்டியை விட்டு எழாது. அதன்பிறகு எத்தனை முதலாளிகள் வந்து கூப்பிட்டிருப்பார்கள்! யாருக்கும் அசையவில்லை.

செல்வக்குமாரே வாய் திறந்தார். “அண்ணா, எனக்காவத்தானுங்களே அந்தச் சத்தியம். நானே சொல்றேன், எடுங்க. இத்தன வருசம் நல்லாத்தான இருக்கறேன்.”

“உனக்குச் சொல்லலடா. உம்பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். ஊர்ல ஒவ்வொரு மொதலாளிகிட்டயும் இன்னைக்கு முடியாதுங்கன்னு கும்புட்டு அனுப்பிட்டு, எனக்குன்னு வந்ததும் எடுத்தா, நானெல்லாம் மனுசனா?” சண்முகவேல் கத்தினார். கத்தியது அவர்மேல்தான்.

“அப்ப சர்ச்சுப் பசங்ககிட்ட ஒரு கிதாரு வாங்கியாரவா? அதுல பொட்டு இல்லேல்ல?” என்றார் அழகுமலை.

“கிதாரையே தொடமாட்டேன்னு சொன்னவன்டா நானு.”

மணி பத்தேகால். வெளியே ஒரு மெஷினும் ஓடவில்லை. தொழிற்பேட்டை இவ்வளவு அமைதியாக இருந்து கேட்டதே இல்லை. கிருத்திகா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சண்முகவேல் வாசலில் கிடந்த ஓர் உடைந்த மரப் பேலட்டின் மேல் உட்காரப் போனார். கார்ட்டன் பெட்டிகளை அடுக்குகிற பேலட். உட்காரும்போது அதில் துருத்திக்கொண்டிருந்த ஆணி வேட்டியைப் பிடித்து இழுத்தது.

ஆணியைப் பார்த்தார். பலகையின் அந்தக் கோடியையும் பார்த்தார். அங்கேயும் ஓர் ஆணி.

“டேய் செல்வா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கிருத்திகாவின் அழுகை நின்றுவிட்டது. “என்ற ஸ்கூட்டர் பொட்டியில புதுக் கம்பி பாக்கெட்டு கெடக்குதா பாரு! சோடா பாட்டல் ஒண்ணு கொண்டா! மருந்து பாட்டல் ஒண்ணு!”

பேலட்டிலிருந்து பலகையைப் பிரிக்கச் சுத்தியல் வேண்டும். சுத்தியல் பொட்டோடு இருந்தது. பக்கத்து யூனிட்டுக்கு ஓடிப் பார்த்தார்கள், அங்கே சுத்தியல், பிளையர், ஸ்பேனர் எல்லாம் மாலையும் கழுத்துமாக வரிசையில் இருந்தன. திருப்பூர் முழுக்கத் தேடினாலும் இன்றைக்கு வெறும் சுத்தியல் கிடைக்காது. கடைசியில் அழகுமலை காலால் ஓங்கி ஓர் உதை விட்டார். பலகை தானாகப் பிரிந்து வந்தது.

“காலுக்கு நான் பொட்டு வைக்கலண்ணே!” என்றார் பெருமையாக.

கம்பியின் நுனியிலிருந்த சின்னப் பித்தளை வளையத்தை ஓர் ஆணியில் மாட்டி, மறுமுனையை அடுத்த ஆணியில் சுற்றினார்கள். கம்பி தொளதொளவென்று கிடந்தது. சண்முகவேல் இருமல் மருந்துப் பாட்டிலை ஒரு கோடியில் கம்பிக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் தள்ளத் தள்ள, கம்பி விறைத்தது. பலகைக்குக் கீழே காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்தார். வலது கைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டி, இடது கையில் கோலி சோடா பாட்டிலைக் கம்பிமேல் வைத்து மெல்ல நகர்த்தினார்.

டின் அழுதது. நாற்பது வருடத்துக்கு முந்தைய அதே சத்தம். அவருக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

ஆனால் உடனே ஒரு சந்தேகமும் வந்தது, செல்வக்குமாரைப் பார்த்தார். “ஏன்டா, இதும் வாத்தியந்தான? சத்தியத்துல சேருமா?”

செல்வக்குமார் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். கோர்ட்டில்கூட யாரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். “இது கிதாரும் இல்ல, நம்ம குழு வாத்தியமும் இல்லீங்ணா. கரண்டும் இல்ல. எதுக்கும் ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்,” என்று போனைப் போட்டார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் மனைவி சொன்னது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“பலகையத் தட்டுறதுக்கெல்லாம் எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? அண்ணன நல்லாத் தட்டச் சொல்லுங்க!”

பதினொன்று அடித்து ஐந்து நிமிடத்தில் கார் வந்தது. வினிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். “இருபது நிமிஷம்தான் சார் இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றபடி உள்ளே வந்தவர், பொட்டு வைத்த வாத்தியங்களைப் பார்த்தார். அப்புறம் எண்ணெய் டின், பேலட் பலகை, அதற்கு முன்னால் சம்மணம் போட்டிருந்த பெரியவரைப் பார்த்தார். “சார்... கிதார்?”

“அதுக்கு இன்னைக்கு லீவுங்க மேடம்,” என்றார் சண்முகவேல். “எனக்கு லீவில்லீங்க.”

வினிதாவின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. உட்கார நாற்காலி போட்டும் நின்றுகொண்டே இருந்தார். கிருத்திகா நகத்தைக் கடித்தாள்.

சண்முகவேல் மனதில் மூன்று பாட்டு வைத்திருந்தார். மூன்றும் ஆறு கம்பிக்குச் செய்தவை. இந்த ஒற்றைக் கம்பிக்கு ஒன்றும் பொருந்தாது என்பது தொடங்கப் போன நொடியில்தான் உறைத்தது. போனால் போகட்டும் என்று கம்பியைத் தட்டினார். சோடா பாட்டில் வழுக்கி மேலே ஏறியது. அழகுமலை காலி கார்ட்டன் பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையால் தாளத்தைப் பிடித்தார். செல்வக்குமார் நூல் சுற்றி வருகிற காலி அட்டைக் கோன் இரண்டை ஒன்றோடொன்று மோதினார். பக்கத்து விடுதியில் லீவைத் தூங்கிக் கழித்துக்கொண்டிருந்த பீகார்ப் பையன்கள் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு வாசலில் வந்து நின்றார்கள்.

இவ்வளவு நாளும் சண்முகவேல் மேடையில் வாய் திறந்து பாடியதில்லை. பாடுவதற்கு எப்போதும் வேறு ஆள் இருந்தார்கள். இப்போது வாய் தானாகத் திறந்தது.

“கேட்டதெல்லாம் வாசிச்சனுங்க, நாப்பது வருசம்...”

அந்த வரிக்குக் கம்பி பதில் சொன்னது. பாட்டில் மேலே போய் நடுங்கி நின்றது. அதே வரியை இன்னும் ஓங்கிப் பாடினார்.

“கேட்டதெல்லாம் வாசிச்சனுங்க, நாப்பது வருசம்...”

அந்த இடத்தில்தான் அடியிலிருந்த மருந்துப் பாட்டில் நழுவியது. கம்பி தளர்ந்து, சுருதி சரசரவென்று கீழே இறங்கியது. கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டாள். செல்வக்குமாரின் கோன்கள் பாதியில் நின்றன. சண்முகவேல் நிற்கவில்லை. அவருக்கு ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் பிடித்துக்கொண்டது. சுருதி எங்கே போகிறதோ அங்கேயே தானும் போவது என்று குரலையும் கீழே இறக்கினார். தன் தொண்டையில் இவ்வளவு அடியில் ஓர் இடம் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கேயிருந்து மூன்றாவது வரி வந்தது.

“எனக்கென்ன வேணுமுன்னு ஒரு ஆளுங் கேக்கலியே...”

அழகுமலை “அடி சக்கை!” என்று கத்திவிட்டுப் பெட்டியை அறைந்தார். கோன்கள் மறுபடி சேர்ந்துகொண்டன. அப்புறம் நிறுத்த யாராலும் முடியவில்லை. வரிக்கு மேல் வரி வந்துகொண்டே இருந்தது. நோன்பி மேடையைப் பற்றி, நனைந்த வயரைப் பற்றி, கல்யாணப் பந்தியில் தீர்ந்துபோன சோற்றைப் பற்றி, எல்லாம் அந்த நிமிடத்தில் வந்த வரிகள். பீகார்ப் பையன்களுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, இரண்டாவது தடவை வருகிற வரியை அவர்களும் சேர்ந்து பாடினார்கள். வினிதா எப்போது நாற்காலியில் உட்கார்ந்தார், எப்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தாளம் போடத் தொடங்கினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இருபது நிமிடம் என்று வந்தவர் நாற்பது நிமிடம் இருந்தார்.

கம்பி அறுந்துதான் பாட்டு முடிந்தது.

சண்முகவேலுக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டைவிரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. அழகுமலை பலகையைத் தடவிப் பார்த்து, “அண்ணே, இதுக்கும் ஒரு பொட்டு வச்சுருவமா?” என்று குங்குமத்தை எடுத்தார்.

“வெக்காதடா! அப்பறம் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா என்ன பண்றது?”

எல்லாரும் சிரித்தார்கள். வினிதா சிரிக்கவில்லை. குனிந்து அறுந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தார். “இந்தப் பாட்ட எப்ப எழுதினீங்க சார்?”

“இப்பத்தானுங்க மேடம். நீங்க உக்காரும்போது.”

வினிதா கைப்பையைத் திறந்து தன் குறிப்பேட்டிலிருந்து அரைத் தாளைக் கிழித்தார். “ஜனவரி பதினெட்டு, சாயங்காலம் ஆறு மணி. அந்த ஒரு மணி நேரம் உங்களோடது. இந்தப் பலகையும் வரணும், கிதாரும் வரணும். சரி, இப்ப சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன வேணும்? மொதல்ல எந்தப் பாட்டு? இதுல எழுதிக் குடுத்துடுங்க, நான் அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிடுறேன்.”

வேலையாகக் கேட்ட கேள்விதான். எல்லாக் கலைஞர்களிடமும் அவர் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும். ஆனால் சண்முகவேல் அந்த அரைத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ ஆயிரம் சீட்டுகளை வாங்கிய கைதான். எழுதின சீட்டைத்தான் அது வாங்கியிருக்கிறது. வெற்றுச் சீட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

“அப்பா, எழுதுங்கப்பா,” என்றாள் கிருத்திகா. அவள் மறுபடி அழுதுகொண்டிருந்தாள், இப்போது சிரித்துக்கொண்டே.

கொட்டகையில் இருந்த பேனாக்களும் சரசுவதி படத்துக்கு முன்னால் பொட்டோடு இருந்தன. வினிதா தன் பேனாவைக் கொடுத்தார். சண்முகவேல் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பலகையின் மேல் வைத்து, ‘நாப்பது வருசம்’ என்று பாட்டின் பெயரை எழுதினார். கை சும்மா இருக்கவில்லை. சீட்டுகளில் படித்துப் படித்துப் பழகிய அந்த அடுத்த வரியையும் கீழே எழுதியது. விரும்பிக் கேட்பவர் என்று எழுதி, இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார்.

பிறகு குண்டு குண்டாக எழுதினார்: சண்முகவேல், முதலிபாளையம்.